செக்ரோலில் விழாத பேர்: கல்லூரி விளையாட்டும் காசும் தோட்டப் பிள்ளைகளும்

தோட்டத்தில் வேலை செய்தவருக்கு அன்றைய நாளின் 'பேர்' விழ வேண்டும். செக்ரோல் எனப்படும் வேலைப் பதிவேட்டில் முழுப் பேர் விழுந்தால் முழு நாட்சம்பளம். கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர். பேரே விழாவிட்டால், மழையில் நனைந்து மலையேறி இறங்கியிருந்தாலும் அந்த உழைப்பு கணக்கில் இல்லை. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 2021 இலிருந்து நடந்துவரும் மாற்றத்தை நம்மவர்களுக்கு விளக்க இதைவிட நெருக்கமான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் விளையாடினார்கள், பெரும் பணம் புரண்டது, ஆனால் அவர்களுக்குப் பேர் விழவில்லை.

நான் பதுளை மாவட்டத்தில், ஹாலி-எல, பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் உடற்கல்வி கற்பித்தவன். அமெரிக்கச் செய்தி நமக்கு எதற்கு என்று கேட்கலாம். ஓடக்கூடிய, பந்து உதைக்கக்கூடிய ஒரு பிள்ளையைத் தேடி வெளியிலிருந்து ஒருவர் லயத்து வாசலுக்கு வரும்போது எழும் கேள்விகளும் அங்கே நீதிமன்றத்தில் எழுந்த கேள்விகளும் ஏறத்தாழ ஒன்றுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே என்ன நடந்தது?

அமெரிக்கர்கள் 'ஃபுட்போல்' என்று சொல்வது நமது உதைபந்தாட்டம் அல்ல. தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. றக்பியின் வழிவந்தது. இந்த விளையாட்டில் தொழில்முறை அணிகளுக்கு நிகராகப் பல்கலைக்கழக அணிகளுக்கும் அங்கே மவுசு உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோர் அமரலாம். தொலைக்காட்சி உரிமைகள் பில்லியன் டொலர் கணக்கில் விற்கப்படுகின்றன. பல மாநிலங்களில் அரச சம்பளப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் ஆளுநர் அல்ல, பல்கலைக்கழக அணியின் பயிற்றுநர்.

விளையாடுகிறவருக்கு மட்டும் கல்விக் கட்டணமும் உணவும் விடுதியும்தான். அதற்கு மேல் ஒரு சதம் வாங்கினாலும் தண்டனை. இதற்குக் காவலாக நின்ற அமைப்பு என்.சி.ஏ.ஏ. எனப்படும் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கம்.

இந்த ஏற்பாட்டின் வேரில் ஒரு மரணம் இருக்கிறது. 1955 இல் கொலராடோ மாநிலத்தில் ரே டென்னிசன் என்ற கல்லூரி வீரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். வேலைத்தளத்தில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் நட்டஈட்டை அவருடைய மனைவி கேட்டார். 1957 இல் கொலராடோ உயர் நீதிமன்றம் மறுத்துவிட்டது. அவர் தொழிலாளி அல்ல என்பது அதன் முடிவு. இப்படியான வழக்குகளில் வீரர்களைத் தொழிலாளர்கள் என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே 'மாணவ வீரர்' என்ற சொல்லை என்.சி.ஏ.ஏ. புழக்கத்துக்குக் கொண்டுவந்தது. இதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டவர் அந்த அமைப்பை 1951 முதல் 1987 வரை நடத்திய வோல்டர் பையர்ஸ். தான் கட்டியெழுப்பிய முறையை அவரே 1995 இல் வெளியான தன் நினைவுக்குறிப்பில் பெருந்தோட்ட எசமான்களின் மனப்பான்மைக்கு ஒப்பிட்டார். அவர் மனதில் இருந்தது கறுப்பின அடிமைகளின் பருத்தித் தோட்டம். ஆனால் 'தோட்டம்' என்ற சொல்லை அந்தப் பொருளில் பதுளையில் இருந்து வாசிக்கும் ஒருவருக்கு அடிக்குறிப்புத் தேவைப்படாது.

உடைவு 2021 இல் வந்தது. அந்த ஆண்டு ஜூன் 21 ஆம் திகதி, கல்வி தொடர்பான சலுகைகளுக்குக்கூட என்.சி.ஏ.ஏ. உச்சவரம்பு விதித்தது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூன் 6 ஆம் திகதி இன்னொரு வழக்கின் இணக்கப்பாட்டை நீதிமன்றம் ஏற்றது. அதன்படி 2025 ஜூலையில் தொடங்கிய முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு நேரடியாக 20.5 மில்லியன் டொலர் வரை பகிரலாம் என்றானது. நம் கணக்கில் 600 கோடி ரூபாவுக்கும் மேல். 2016 இலிருந்து விளையாடியவர்களுக்கு ஏறத்தாழ 2.8 பில்லியன் டொலர் நிலுவையாக, பத்து ஆண்டுகளில் கொடுக்கப்பட வேண்டும்.

பணம் வந்த பின்

நியாயம் கிடைத்துவிட்டது என்று இங்கேயே நிறுத்திவிட முடியாது. பணம் வந்ததும் விளையாட்டின் உருவமே மாறிவிட்டது.

முதலாவது, இடமாற்றம். முன்பு பல்கலைக்கழகம் மாறிய வீரர் ஓராண்டு விளையாடாமல் காத்திருக்க வேண்டும். இப்போது அந்தத் தடை நீங்கிவிட்டது. ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஆயிரக்கணக்கானோர் மாறுகிறார்கள். இளைஞனைச் சிறுகச் சிறுக வளர்த்தெடுத்த சிறிய கல்லூரி, அவன் பெயர் எடுத்ததும் அவனைப் பெரிய கல்லூரியிடம் இழக்கிறது.

இரண்டாவது, பங்கீடு. பகிரும் பணத்தில் நான்கில் மூன்று பங்கைப் பல பெரிய பல்கலைக்கழகங்கள் ஃபுட்போலுக்கே ஒதுக்குகின்றன. அடுத்த பெரும் பங்கு ஆண்கள் கூடைப்பந்தாட்டத்துக்கு. பெண்களின் விளையாட்டுகளுக்கும் நீச்சல், மெய்வல்லுநர் போன்றவற்றுக்கும் மிஞ்சுவது சொற்பம். நிலுவைத் தொகையும் இதே வீதத்தில் போவதை எதிர்த்துப் பெண் வீராங்கனைகள் மேன்முறையீடு செய்தார்கள்.

மூன்றாவது, ஆள்குறைப்பு. புதிய ஏற்பாட்டில் ஒரு ஃபுட்போல் அணியில் 105 பேருக்கு மேல் இருக்க முடியாது. புலமைப்பரிசில் இல்லாமல், ஆசையால் மட்டும் அணியில் ஒட்டிக்கொண்டிருந்த பலர் வெளியே போக வேண்டியதாயிற்று.

நான்காவதுதான் முக்கியம். இவ்வளவு பணம் கைமாறியும் அவர்கள் இன்னும் தொழிலாளர்களாக ஏற்கப்படவில்லை. டார்ட்மத் கல்லூரியின் கூடைப்பந்தாட்ட அணியினர் 2024 மார்ச்சில் 13க்கு 2 என்ற வாக்கில் தொழிற்சங்கம் அமைத்தார்கள். கல்லூரி அவர்களோடு பேச மறுத்தது. அவ்வாண்டின் இறுதியில் மனு மீளப் பெறப்பட்டது. பணம் உண்டு, ஆனால் சங்கமும் கூட்டு ஒப்பந்தமும் இல்லை.

நமக்கு இது புதிய கதை அல்ல. பெருந்தோட்டக் கம்பனிகள் முன்வைக்கும் 'அவுட்குரோவர்' முறையை எண்ணிப் பாருங்கள். தேயிலை மரங்களைப் பிரித்துக் கொடுத்து, பறித்த கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கணக்குத் தீர்க்கும் முறை அது. சில மாதங்களில் கையில் கூடுதல் காசு வரலாம். ஆனால் தொழிலாளி என்ற பெயர் போனால் ஊழியர் சேமலாப நிதியும் விபத்து நட்டஈடும் சங்கத்தின் பேரம்பேசலும் அதன் பின்னாலேயே போய்விடும் என்பதுதான் தோட்டங்களில் உள்ள அச்சம். கையில் கிடைக்கும் தொகை ஒன்று, அது எந்தப் பெயரில் கிடைக்கிறது என்பது வேறொன்று.

இங்கே இருக்கும் மூன்று கதவுகள்

இலங்கையில் பல்கலைக்கழக விளையாட்டில் பணம் இல்லை. போட்டிக்கு நுழைவுச்சீட்டு விற்பதில்லை, தொலைக்காட்சி வருவதில்லை. விளையாட்டு போன்ற துறைகளில் தேசிய, சர்வதேச மட்டத்தில் சாதித்தவர்களுக்கு 0.5 வீதம் வரையான விசேட அனுமதி உண்டு. அதற்கும் உயர்தரத்தில் சித்தியடைய வேண்டும். ஆகவே இங்கே காசு கல்லூரிக்கு முன்னால், பாடசாலையிலேயே நுழைகிறது. அல்லது படிப்பு முடிந்த பின் வருகிறது. நான் பார்த்த வரையில் மூன்று கதவுகள் இருக்கின்றன.

முதற்கதவு நகரத்துப் பெரிய பாடசாலைகள். கொழும்பிலும் கண்டியிலும் றக்பி வெறும் விளையாட்டு அல்ல, பாடசாலையின் மானம். பழைய மாணவர் சங்கங்கள் பயிற்றுநருக்கும் விடுதிக்கும் சத்துணவுக்கும் செலவழிக்கின்றன. திறமையான பிள்ளைகளை வெளியூர்ப் பாடசாலைகளிலிருந்து அழைத்துச் செல்வது எல்லோரும் அறிந்த இரகசியம். அதை யாரும் சம்பளம் என்று சொல்வதில்லை. புலமைப்பரிசில் என்பார்கள், உதவி என்பார்கள்.

என்னிடம் படித்த ஒரு பையனுக்கு அப்படி அழைப்பு வந்தது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். விடுதி, சப்பாத்து, மாதம் ஒரு சிறு தொகை என்றார்கள். அவனுடைய அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: "சேர், புள்ளைக்கி அடிபட்டா யாரு பாக்குறது?" எல்லாம் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. இரண்டாம் வருடம் முழங்கால் பிசகியது. ஒரு தவணை முடிவதற்குள் விடுதியில் அவனுக்கு இடமில்லாமல் போனது. திரும்பி வந்தபோது உயர்தர வகுப்பில் ஒன்றரை வருடப் பாடம் பின்தங்கியிருந்தது. அவன் மறுபடி படிக்க உட்காரவில்லை. இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான்.

இரண்டாம் கதவு சீருடை. இலங்கையில் ஒரு விளையாட்டு வீரருக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் பயிற்சிக்கு நேரமும் கொடுக்கக்கூடிய மிகப் பெரிய தொழில்தருநர் முப்படையும் பொலிசும்தான். உதைபந்தாட்டமோ மெய்வல்லுநரோ றக்பியோ, முன்னணிப் பட்டியல்களில் இராணுவம், கடற்படை, விமானப்படை, பொலிஸ் கழகங்களின் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒரு கிராமத்துச் சிங்களப் பிள்ளைக்கு இது இயல்பான அடுத்த படி. இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அந்தக் கதவின் முன் நிற்பது என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. போர்க்காலத்தில் சோதனைச்சாவடியில் அடையாள அட்டையில் பதுளை என்ற முகவரி இருந்தாலும் பெயர் தமிழாக இருந்தது போதும், இறக்கி வைக்க. அந்த நினைவு உள்ள வீட்டில், சம்பளம் நல்லது என்பதற்காகப் பிள்ளையைச் சீருடைக்கு அனுப்புவது இலகுவான முடிவல்ல. 1977 இலும் 1983 இலும் வன்முறைக்குத் தப்பி மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கும் இதே நிலைதான். திறமை இருக்கிறது, சம்பளம் கொடுக்கும் கதவும் இருக்கிறது, இடையில் ஒரு வரலாறு இருக்கிறது. இதைத் தனிப்பட்ட பிள்ளையின் விருப்பமின்மை என்று சொல்லிவிட முடியாது.

மூன்றாம் கதவு வங்கிகளும் தனியார் நிறுவனங்களும் தொழில்முறை லீக்குகளும். வலைப்பந்தாட்டத்தில் தர்ஜினி சிவலிங்கம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் ஆடினார், வெளிநாட்டுக் கழகங்களுக்கும் ஆடினார். யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2020 இல் லங்கா பிரிமியர் லீக்கில் அறிமுகமாகி, 2024 இல் ஐ.பி.எல். வரை போனார். பெருமைதான். ஆனால் இந்தக் கதவு மிக ஒடுங்கியது. புல்தரை விக்கெட்டோ வலைப்பந்துத் திடலோ இல்லாத தோட்டப் பாடசாலையிலிருந்து அதுவரை போவதற்கு வழி எதுவும் போடப்படவில்லை.

லயத்திலிருந்து மைதானம் வரை

நாட்சம்பளம் 2021 இல் 1,000 ரூபாவாகவும் 2024 இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஒரு சோடி நல்ல ஓட்டச் சப்பாத்துக்குப் பல நாள் பேர் வேண்டும். வலய மட்டத்தில் வென்ற பிள்ளை மாகாண மட்டத்துக்குப் போக பஸ் காசு, அங்கிருந்து தேசிய மட்டத்துக்குப் போகத் தங்குமிடக் காசு. கடைக்காரர்களிடமும் தொழிற்சங்கக்காரர்களிடமும் கை நீட்டித்தான் நாங்கள் பிள்ளைகளை அனுப்பினோம். பெண் பிள்ளை என்றால் இன்னொரு தடை: அம்மா மலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தம்பி தங்கைகளைப் பார்ப்பது யார்? மாலைப் பயிற்சி அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடும்.

காசுக்காக விளையாடுவது அசிங்கம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 19 ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மெய்வல்லுநர், படகோட்டச் சங்கங்கள் 'அமெச்சூர்' என்பவரை வரையறுத்தபோது, கூலிவேலை செய்பவரும் கைவினைஞரும் அதில் சேரமாட்டார் என்றே எழுதிவைத்தன. உழைத்துப் பிழைப்பவன் கனவானோடு போட்டியிடக் கூடாது என்பதே கருத்து. அதே இங்கிலாந்திலிருந்து வந்த துரைமார்தான் இந்த மலைகளில் கிளப்புகளும் டென்னிஸ் திடல்களும் றக்பி மைதானங்களும் அமைத்தார்கள். கொழுந்து எடுத்தவர்களின் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பந்து பொறுக்கினார்கள். சொத்துள்ளவனுக்குக் காசில்லாமல் விளையாடுவது பெருமை. இல்லாதவனுக்கு அது வீட்டில் ஒரு வேளைச் சோறு.

எனவே பிள்ளைக்குக் காசு கொடுப்பதா வேண்டாமா என்பதல்ல என் கேள்வி. காசு ஏற்கெனவே இருக்கிறது. அது எழுத்தில் இல்லை, கணக்கில் இல்லை, பிள்ளையின் கையிலும் இல்லை. அமெரிக்க வீரர்கள் நீதிமன்றப் படியேறி வாங்கியது பணத்தை மட்டுமல்ல, தங்கள் உழைப்புக்கு ஒரு விலை இருக்கிறது என்ற ஒப்புதலையும்தான். அவர்களுக்குக் கிடைக்காமல் போன பாதுகாப்பை நாம் முதலிலேயே கேட்க வேண்டும்.

விளையாட்டுக்காக ஒரு பிள்ளையை அழைத்துச் செல்லும் எந்தப் பாடசாலையும் பெற்றோருக்குப் புரியும் மொழியில், தமிழில், எழுத்தில் உறுதி தர வேண்டும்: காயம்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது, விளையாட முடியாமல் போனாலும் உயர்தரப் பரீட்சை வரை விடுதியும் படிப்பும் தொடருமா, திரும்பி வர விரும்பினால் இடம் உண்டா. பிள்ளையை வளர்த்த சிறிய பாடசாலைக்கு, சர்வதேச உதைபந்தாட்டத்தில் இளம் வீரரை உருவாக்கிய கழகத்துக்கு ஃபிஃபா விதிப்படி பயிற்சி இழப்பீடு கிடைப்பதைப் போல, ஒரு பங்கு கிடைக்க வேண்டும். ஊவா மாகாண சபை மாகாண மட்டத்தில் வெல்லும் பிள்ளைகளுக்கு அவர்களுடைய சொந்தப் பாடசாலையிலேயே படிக்க மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றைத் தொடங்கலாம். அது வந்தால் எல்லோரும் கண்டிக்கும் கொழும்புக்கும் போக வேண்டியதில்லை, பிடிக்காத சீருடையையும் போட வேண்டியதில்லை.

அதுவரை, லயத்து வாசலுக்கு யாராவது வந்து உங்கள் பிள்ளையின் கால்களைப் பாராட்டினால், தேநீர் கொடுங்கள், உட்காரச் சொல்லுங்கள். பிறகு ஒரு தாளும் பேனாவும் எடுத்து வைத்து, சொன்னதை எழுதித் தரச் சொல்லுங்கள்.