வாயில்லாப் புழுவுக்கு ஒரு பெயர்

ஐப்பசி மழை விட்ட காலையில் இராஜபாளையத்து மாந்தோப்பு ஒன்றில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் பாருங்கள். அதில் நெளியும் மண்புழுவின் உடல் வளையம் வளையமாக அமைந்திருக்கும். இந்த எளிய உயிரின் உறவு ஒன்று கடலுக்கடியில் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் ஆளுயரத்தையும் மிஞ்சி நிற்கின்றது என்றால் நம்புவீர்களா?

1977ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடலின் கலாபகோஸ் தீவுகளுக்கு அருகே, ‘ஆல்வின்’ என்னும் சிறு நீர்மூழ்கியில் புவியியல் அறிஞர்கள் இறங்கினர். அவர்கள் தேடியது கடலடி வெந்நீர் ஊற்றுகளை. கடல்தரையின் பிளவுகளில் இறங்கும் நீர், அடியிலுள்ள பாறைக்குழம்பின் வெப்பத்தால் சூடேறி, உலோகங்களையும் கந்தகத்தையும் கரைத்துக்கொண்டு பீறிடும் இடங்கள் அவை. கதிரொளி எட்டாத அவ்விருளில், வெண்குழல்களிலிருந்து செந்நிறக் கொண்டையை நீட்டியபடி புழுக்கள் கூட்டமாக நின்றன. குழுவில் உயிரியல் அறிஞர் ஒருவரும் இல்லை! கொண்டுசென்ற ஃபார்மலினும் கொஞ்சமே. ஆதலால் சில உயிர்களை ரஷ்ய வோட்காவில் ஊறவைத்தனர். (அந்தப் பானத்தால் உலகுக்கு விளைந்த நன்மையைத் தேடுவோருக்கு இது ஒன்றாவது அகப்படும்.)

அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்து மெரிடித் ஜோன்ஸ் அப்புழுவை அறுத்துப் பார்த்தார். வாய் இல்லை; குடலும் இல்லை. பின் எதைத் தின்று இத்தனை பெரிதாக வளர்கின்றது? அவர் ஒரு சொற்பொழிவில், புழுவின் உடலுக்குள் கந்தகப் படிகங்கள் இருப்பதைக் கூறினார். கேட்டிருந்த ஹார்வர்டு மாணவி கொலீன் கவனா எழுந்து, உள்ளே பாக்டீரியாக்கள் குடியிருந்து கந்தகச் சேர்மத்தைக் கொண்டு உணவு சமைக்கின்றன என்றார். 1981இல் அது மெய்ப்பிக்கப்பட்டது. அதே ஆண்டில் ஜோன்ஸ் சூட்டிய ‘ரிஃப்டியா பாக்கிப்டிலா’ என்னும் பெயரும் அச்சேறியது.

பெயர் சூட்டுவது எளிதன்று. உயிரின் உறுப்புகளை ஒவ்வொன்றாக விவரிக்க வேண்டும். நெருங்கிய இனங்களிலிருந்து எவ்வாறு வேறுபடுகின்றது எனக் காட்ட வேண்டும். ஒரு மூல மாதிரியை அருங்காட்சியகத்தில் வைத்து விவரத்தை வெளியிட வேண்டும். இவ்வளவு செய்தும் தவறு நேரும். 1985இல் ஜோன்ஸ் இவ்வகைப் புழுக்களைத் தனித் தொகுதியாகவே உயர்த்தினார். 1997இல் வெளியான ஆய்வுகளோ, அவை மண்புழு சேர்ந்த வளைதசைப் புழுக்களின் தொகுதிக்குள்ளேயே அடங்கும் எனக் காட்டின. மாந்தோப்புப் புழுவுக்கு உறவு என்று முதலில் சொன்னது இதனால்தான்.

ஒரு புழுவின் பெயருக்கு இத்தனை பாடா எனக் கேட்பீர்கள். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளைப் பாருங்கள். அங்குள்ள சாம்பல் நிற மலை அணிலுக்கு அறிவியல் பெயர் 1769இலேயே அமைந்துவிட்டது. 1988இல் சரணாலயம் அமைந்தபோது அந்த அணிலின் பெயரே அதற்கு இடப்பட்டது. 2021இல் அம்மலைகள் புலிகள் காப்பகத்தினுள் சேர்ந்தன. பெயரற்ற உயிருக்காக எந்த அரசாணையும் எழுத முடியாதே!

கடலடியில் இது இன்று அவசரமான வழக்கு. ஊற்றுகள் கக்கும் படிவுகளில் செம்பும் துத்தநாகமும் பொன்னும் உண்டு. இந்தியப் பெருங்கடல் முகட்டில் 10,000 சதுர கிலோமீட்டரில் இவற்றைத் தேடிப் பார்க்க நம் நாடு 2016இல் ஒப்பந்தம் செய்தது. அதே கடலின் ஊற்றுகளில் வாழும் செதில்பாத நத்தை 2001இல் கண்டறியப்பட்டது. முறையான பெயர் பெற்றதோ 2015இல். நான்கே ஆண்டுகளில், சுரங்க அச்சத்தால், அழிவை எதிர்நோக்கும் இனங்களின் உலகப் பட்டியலில் அது ஏறிவிட்டது. 2017இல் அக்கடலின் தென்மேற்கு முகட்டிலிருந்து ஒரு செதில்புழுவும் பெயர் பெற்றது.

2024 டிசம்பரில் கோவாவின் துருவ, பெருங்கடல் ஆய்வு மையமும் சென்னையின் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகமும், 4,500 மீட்டர் ஆழத்தில் கொதிக்கும் ஊற்று ஒன்றைப் படம் பிடித்தன. ஆளில்லாக் கருவி எடுத்த படம் அது. படத்தை மட்டும் வைத்துப் புழுவின் முட்களை எண்ண முடியாது. மாதிரி கைக்கு வர வேண்டும். மூவரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்கவென அக்கழகம் உருவாக்கிய ‘மத்ஸ்யா 6000’, 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நீரில் இறக்கிச் சோதிக்கப்பட்டது.