அம்மாயியின் கையொப்பம்

பிள்ளை ஒன்றின் மீது பெரியவர்களுக்குள்ள உரிமையை இலங்கைச் சட்டம் ஒரே உரிமையாகக் கொள்வதில்லை. பிள்ளையின் சார்பில் முடிவெடுக்கவும் அதன் சொத்தை ஆளவும் உள்ள அதிகாரம் பாதுகாவலர் நிலை எனப்படுகிறது. பிள்ளையைத் தம்முடன் வைத்து அன்றாடம் வளர்க்கும் உரிமை கட்டுக்காப்பு எனப்படுகிறது. வேறொருவரின் கட்டுக்காப்பில் இருக்கும் பிள்ளையைக் குறித்த நாளில் கண்டு பேசவும் சில மணி நேரமோ சில நாட்களோ உடன் வைத்திருக்கவும் உள்ள உரிமை சந்திப்புரிமை எனப்படுகிறது. இவை எல்லாம் தாய், தகப்பன் என்ற இருவரை மனத்தில் வைத்தே வளர்ந்தவை என்பதால், பாட்டன் பாட்டிக்குப் பேரப்பிள்ளையைக் காணும் உரிமை உண்டு என்று பெயர் சுட்டிச் சொல்லும் சட்டப்பிரிவு நாட்டில் இல்லை. பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளையை வளர்ப்பவர் பெரும்பாலும் யார் என்பதைக் கண்டவர்களுக்கு இந்த மௌனம் விசித்திரமாகவே தோன்றும்.

பசறை, மடுல்சீமை, நமுனுகுலை, அப்புத்தளை, அல்துமுல்லை முதலிய பகுதிகளில் லயத்துக் காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறை சேர்ந்திருப்பது பழைய வழக்கம். தாய் காலையில் பேர் கொடுத்துவிட்டு மலைக்குப் போனால் கைக்குழந்தை பிள்ளைமடுவத்துக்கும், பாடசாலைப் பிள்ளை பாட்டியின் கைக்கும் போய்விடும். பாட்டி ஓய்வு பெற்றவராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமைக் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பவராகவே இருப்பார். தோட்டத்து வருமானம் போதாமற்போய்த் தாய் சவூதிக்கோ குவைத்துக்கோ வீட்டுப் பணிப்பெண்ணாகவும், தகப்பன் கொழும்புக் கடைக்கோ கட்டட வேலைக்கோ புறப்பட்டதும், பகலில் மட்டும் பிள்ளை பார்த்த பாட்டி இரவிலும் அதன் முழுப் பொறுப்பாளர் ஆகிவிடுகிறார். தாயின் தாயை அம்மாயி என்றும் தகப்பனின் தாயை அப்பாயி என்றும் வேறுபடுத்தி அழைக்கும் குடும்பங்களில், தாய் வெளிநாடு போகும்போது பிள்ளை அம்மாயியிடம் சேர்வதே அதிகம்.

இந்த ஏற்பாடு அரசுக்குத் தெரியாமல் நடப்பதன்று. 2013ஆம் ஆண்டு முதல், வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்ல விண்ணப்பித்த தாய்மார் குடும்பப் பின்னணி அறிக்கை ஒன்றைப் பெறவேண்டியிருந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் பயணத்துக்குப் பரிந்துரை கிடைக்கவில்லை. அதற்கு மேற்பட்ட வயதுப் பிள்ளை இருந்தால், தாய் இல்லாத காலத்தில் அதைப் பார்க்கப்போகும் மாற்றுப் பராமரிப்பாளர் யார் என்று காட்டவேண்டியிருந்தது. கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலக அலுவலர்களும் வீட்டைப் பார்த்து உறுதிசெய்த பிறகே கோப்பு நகர்ந்தது. தாய்மாரின் நடமாட்டத்தை மட்டும் கட்டுப்படுத்தித் தகப்பன்மாரை ஒன்றும் கேளாத ஒழுங்கு என்று பெண்கள் அமைப்புகள் இதனைக் கண்டித்தது நியாயமே; 2022இல் விதிகள் தளர்த்தப்பட்டன. எனினும் அந்தத் தாளில் இங்கே கவனிக்கவேண்டியது வேறொன்று. தாய் நாட்டைவிட்டுப் போவதற்கு இந்தப் பாட்டியின் பொறுப்பேற்பு இன்றியமையாதது என்று அரசே எழுதி வைத்தது. அதே தாய் திரும்பி வராமற்போனால், கையொப்பமிட்ட பாட்டிக்கு அந்தத் தாள் எந்த உரிமையையும் தருவதில்லை.

திரும்பி வராமை பலவகைப்படும். மரணம் அவற்றுள் சட்டத்துக்கு எளிதானது, ஏனெனில் சான்றிதழ் ஒன்று இருக்கும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மண்சரிவு மூடியபோது, பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். வீட்டில் இருந்தவர்களுள் பலரின் உடல்கள் கடைசிவரை மீட்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மண்சரிவுகளிலும் பதுளை மாவட்டம் கடுமையாக அடிபட்டது. உடல் கிடைக்காத மரணத்தில் துக்கத்தோடு கடதாசிச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. அதைவிடக் கடினமானது, வெளிநாடு சென்று தொலைபேசி அழைப்பு நின்றுபோன தாயின் நிலையும், வேலைக்கென்று போய் முகவரி இல்லாமற்போன தகப்பனின் நிலையும். 2010ஆம் ஆண்டின் மரணப் பதிவுத் தற்காலிக ஏற்பாடுகள் சட்டம் 2016இல் திருத்தப்பட்டு, காணாமற்போனவர் உயிரிழந்ததாகக் கொள்ளாமலே அவர் இல்லாமையை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்று அறிமுகமானது. ஆனால் அது யுத்தம், அரசியல் குழப்பம், வலிந்து காணாமலாக்கப்படுதல் போன்ற சூழல்களை முன்னிட்டு ஆக்கப்பட்டது. வளைகுடா நாட்டு வீடொன்றில் மௌனமாகிப்போன தாய் அதன் வரையறைக்குள் எளிதில் அடங்கார். அவர் இறந்தவரும் அல்லர், இருப்பவரும் அல்லர். அவருடைய பெற்றோருரிமை அழியாமல் உறங்குகிறது, மற்றப் பெற்றோரின் உரிமையோ முழுமையாக விழித்திருக்கிறது.

பிணக்கு தொடங்கும் இடமும் அதுவே. நெடுநாள் ஒதுங்கியிருந்த தகப்பன் மறுமணம் செய்து வந்து பிள்ளையைக் கேட்பதும், அம்மாயி மறுப்பதும், அல்லது அழைத்துப்போன பிறகு அம்மாயியை வாசலில் ஏற்றாமல் விடுவதும் இதன் வழக்கமான உருவங்கள். தகப்பன் இறந்து, தாய் வேறு வாழ்க்கை தேடிக்கொண்ட குடும்பத்தில் இதே கதை அப்பாயிக்கு நேர்கிறது.

இத்தகைய பிணக்கு நீதிமன்றத்துக்குப் போனால் எந்தச் சட்டம் ஆளும் என்பதில் பலருக்கு மயக்கம் உண்டு. தமிழர் என்பதால் தேசவழமை பொருந்தும் என்று எண்ணுவது தவறு. அது யாழ்ப்பாணத் தமிழருக்குரிய வழக்குச் சட்டமாதலால் மலையகத் தமிழரைத் தொடாது. அவர்களை ஆள்வது ஒல்லாந்தர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டமும் அதன்மேல் வந்த நாட்டின் பொதுச் சட்டங்களும் ஆகும். பழைய ரோமன்-டச்சுக் கொள்கைப்படி தகப்பனே இயற்கைப் பாதுகாவலர். அவருடைய கட்டுக்காப்புரிமையை மறுக்க விரும்புபவர், பிள்ளையின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஒழுக்கத்துக்கோ ஆபத்து உண்டு என்று காட்டவேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீதிபதிகள் பிள்ளையின் நலன் என்ற அளவுகோலை மெல்ல மெல்ல முன்னுக்குக் கொண்டுவந்தனர். 1991இல் இலங்கை ஏற்ற ஐ.நா. சிறுவர் உரிமைகள் சமவாயமும், சிறுவர் தொடர்பான எல்லா விடயங்களிலும் அவர்களின் சிறந்த நலனே தலையாயது என்று கூறும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டமும் அந்த அளவுகோலுக்கு எழுத்து வடிவம் தந்தன. பாட்டிக்குக் கதவு திறப்பது இந்த ஒரு வாக்கியத்தின் வழியாகத்தான்: தமக்கு உரிமை உண்டு என்று அவர் வாதிட முடியாது, தம்மைக் காண்பது பிள்ளையின் நலனுக்கு வேண்டியது என்று வாதிடலாம்.

அந்தக் கதவை அடையும் பாதை சுற்றுவழி. கட்டுக்காப்புப் பிணக்குகள் பல ஆட்கொணர்வு எழுத்தாணை மனுவாக எழுகின்றன. முறைகேடாக அடைத்து வைக்கப்பட்ட ஒருவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்து நிறுத்தக் கோருவதே அம்மனுவின் இயல்பு. அரசியலமைப்பின் 141ஆம் உறுப்புரை இவ்வதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத் தருகிறது. பதின்மூன்றாம் திருத்தத்தின் பின் மாகாணத்துக்குள் தடுத்து வைக்கப்பட்டவர் தொடர்பில் மாகாண மேல் நீதிமன்றமும் இதனை விசாரிக்கலாம் என்பதால், பதுளை மாவட்டம் அடங்கிய ஊவாவில் உள்ளவர் கொழும்புக்கு ஓடவேண்டியதில்லை. மாவட்ட நீதிமன்றமும் சிறுவர்களின் மேல்நிலைப் பாதுகாவலர் என்ற நிலையில் கட்டுக்காப்பையும் பாதுகாவலர் நியமனத்தையும் தீர்மானிக்கும். பேரப்பிள்ளைக்குத் தலைவாரி விட ஆசைப்படும் கிழவி, அதன் சொந்தத் தகப்பன் அதைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருக்கிறான் என்று மனு எழுதவேண்டி வருவது எவ்வளவு பொருந்தாத உடுப்பு என்பதைச் சொல்லத் தேவையில்லை. அந்த மனுவை வாசிக்கும் மருமகன் அதன் பிறகு சமாதானத்துக்கு வருவதும் அரிது.

ஒரு முரணையும் குறிக்கவேண்டும். சட்டபூர்வப் பாதுகாவலரிடமிருந்து சிறுவரைக் கடத்துவதைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவைப் பிரிவு, பிள்ளையின் பராமரிப்பு முறைப்படி ஒப்படைக்கப்பட்ட எவரையும் ‘சட்டபூர்வப் பாதுகாவலர்’ என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. ஆகவே அந்நியன் ஒருவன் பிள்ளையைத் தூக்கிப்போனால் குற்றவியல் சட்டத்தின் கண்ணில் அம்மாயி பாதுகாவலர். தகப்பன் வந்து கேட்டால் குடும்பச் சட்டத்தின் கண்ணில் அவர் யாரோ ஒருவர்.

மறுபக்கத்து நியாயமும் கனமற்றதன்று. எஞ்சியிருக்கும் பெற்றோர் ஒருவர் தனியாகப் பிள்ளை வளர்க்கும்போது, எந்த உறவினரும் நீதிமன்றத்துக்குப் போய் அவருடைய வாரநாட்களைப் பங்குபோடலாம் என்றால் அந்த வீடு நிலைகொள்ளாது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்த்த ட்ரொக்ஸல் வழக்கில், தகப்பன் இறந்தபின் அவருடைய பெற்றோர் பேத்திகளைக் கூடுதலாகக் காண விரும்பினர். தாய் சந்திப்பை முற்றாக மறுக்கவில்லை, மாதம் ஒருமுறை போதும் என்றார். எவரும் எப்போதும் சந்திப்புரிமை கேட்கலாம் என்றிருந்த வாஷிங்டன் மாநிலச் சட்டம் தாயின் தீர்மானத்துக்கு உரிய மதிப்புத் தரவில்லை என்று நீதிமன்றம் கூறிற்று. தோட்டத்திலும், இறந்த மகளின் துக்கம் மருமகன் மீதான பழியாக மாறி, வந்த பாட்டி பிள்ளையின் காதில் தகப்பனைப்பற்றி ஓதுவது நடவாததன்று.

ஆயினும் அமெரிக்க வழக்கின் பாட்டன் பாட்டி வருகையாளர்கள். ஊவாத் தோட்டத்து அம்மாயி வளர்த்தவர். இந்த வேறுபாட்டை இந்திய உச்ச நீதிமன்றம் நன்கு கண்டது. 2009இல் தீர்க்கப்பட்ட அஞ்சலி கபூர் வழக்கில், பிரசவத்தை அடுத்துத் தாய் இறந்த குழந்தையை வளர்த்த தாய்வழிப் பாட்டியிடமே விட்டு, தகப்பனின் இயற்கைப் பாதுகாவலர் நிலை மட்டும் பிள்ளையைப் பெற்றுத்தராது என்றது. பெற்றோர் இருவரையும் கோவிட் கொண்டுபோன குஜராத்துச் சிறுவனின் வழக்கில், 71 வயதுப் பாட்டனும் 63 வயதுப் பாட்டியும் முதியவர்கள் என்று உயர் நீதிமன்றம் இளைய உறவினருக்குத் தந்த கட்டுக்காப்பை 2022இல் மாற்றி, வயது மட்டும் பேரன் பேத்தி மீதான பற்றை அளக்கும் கோல் ஆகாது என்றது. இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாத தீர்ப்புகள் இவை, எடுத்துக்காட்டலாம். நம் சட்டத்துக்கு உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது தென்னாபிரிக்கா, ஏனெனில் அங்கும் ரோமன்-டச்சுச் சட்டமே அடித்தளம். அங்கும் பாட்டன் பாட்டிக்குப் பிறப்புரிமையாகச் சந்திப்பு இருந்ததில்லை. 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின் 23ஆம் பிரிவு, பிள்ளையின் பராமரிப்பிலும் நலனிலும் அக்கறையுள்ள எவரும் தொடர்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று கூறி, பிள்ளைக்கும் அவருக்கும் முன்பிருந்த உறவைக் கணக்கிலெடுக்குமாறு நீதிமன்றத்தைப் பணித்தது. ரோமன்-டச்சு மரபை உடைக்காமலே இதைச் செய்யலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இங்கு அப்படி ஒரு பிரிவு இல்லாதது கொள்கைச் சிக்கலால் அன்று, அக்கறைக் குறைவால்.

உத்தரவு கிடைத்தாலும் அதை நடத்திக்காட்டுவது வேறு பாடு. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை என்று ஓர் உத்தரவு எழுதப்பட்டதாகக் கொண்டால், மடுல்சீமைப் பக்கத்து அம்மாயி கொஸ்லந்தைப் பக்கத்துத் தகப்பன் வீட்டுக்குப் போக, இருட்டோடு தோட்டத்து ரோட்டில் இறங்கி, பசறை, பதுளை, பண்டாரவளை, பெரகலை என்று பஸ் மாறி, நண்பகலை ஒட்டியே சேர்வார். திரும்பும் பஸ்ஸை நினைத்துக்கொண்டே பிள்ளையின் முன் அமர்ந்திருப்பார். தோட்டத்து அடிப்படை நாட்சம்பளத்தை வைத்துப் பார்த்தால், பயணச் செலவும் பிள்ளைக்கு வாங்கும் பிஸ்கட்டும் இழந்த கைக்காசும் சேர்ந்து எவ்வளவு தின்னும் என்பது விளங்கும். மொழியும் குறுக்கே நிற்கிறது. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையின்படி வடக்கு கிழக்குக்கு வெளியே நீதிமன்றப் பதிவுமொழி சிங்களம். தமிழில் மனுச் செய்யவும் மொழிபெயர்ப்புப் பெறவும் உரிமை உண்டு. ஆனால் அம்மாயி சொன்ன ‘புள்ள ராத்திரியில என்னத்தான் தேடும்’ என்ற சொல் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் போகும்போது, பிள்ளைக்கு மனுதாரர் மீது பற்று உண்டு என்ற வெறும் வாக்கியமாகிவிடும்.

பணத்தைப்பற்றிப் பேசாமல் இப்பிணக்கைப் பேசுவது போலியாகும். இறந்த தாயின் சேமலாப நிதி, அனர்த்த நட்டஈடு, புதிய வீடு ஆகியவை பிள்ளையின் பெயரோடு கட்டுண்டு வருகின்றன. பல ஆண்டு எட்டிப் பாராதவர்கள் அப்போது பிள்ளையைத் தேடுகின்றனர், சில வேளை பாட்டி வீட்டாரே பிள்ளையை விட மறுப்பதும் அதற்காகத்தான். பிள்ளையின் ஆளுக்குப் பாதுகாவலரையும் சொத்துக்கு வேறொரு பொறுப்பாளரையும் நீதிமன்றம் தனித்தனியே நியமிக்கலாம். பணத்தைப் பிள்ளை பதினெட்டு வயது அடையும்வரை வங்கியில் பூட்டி வைக்குமாறு கேட்டுவிட்டால், பிள்ளைமீது யாருக்கு உண்மையான நாட்டம் என்பது அநேகமாக அந்தத் தவணையிலேயே தெரிந்துவிடும்.

நீதிமன்றத்துக்கு முன்னதான படிகளும் உள்ளன. பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரும், மாகாண நன்னடத்தைத் திணைக்களத்து உத்தியோகத்தரும் இரு வீட்டாரையும் அழைத்துப் பேசலாம். வழக்கு நடக்கும்போது பிள்ளையின் இருப்பிடத்தைப்பற்றி நீதிபதி அறிக்கை கேட்பதும் பெரும்பாலும் நன்னடத்தை உத்தியோகத்தரிடமே. வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசில்லாதவருக்கு 1978இல் சட்டத்தின் மூலம் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அங்கு போகும் அம்மாயி கண்ணீரோடு கடதாசியையும் கொண்டுபோவது நல்லது: தடுப்பூசித் திகதிகள் குறிக்கப்பட்ட கிளினிக் அட்டை, பாடசாலை முன்னேற்ற அறிக்கையில் பெற்றோர் கையொப்பத்துக்கான கோட்டின் மேல் தவணை தவறாமல் இடப்பட்ட கைநாட்டு, தாய் அனுப்பிய பணத்தின் வங்கிப் புத்தகம், தாயின் பிறப்புச் சான்றிதழ், தாயைப் பயணம் அனுப்பக் கையொப்பமிட்ட அந்தக் குடும்பப் பின்னணி அறிக்கையின் பிரதி. அறிக்கையின் மூலப்படி பிரதேச செயலகத்துக் கோப்பில் இருக்கும். பாட்டிகளில் பலர் தாம் எதில் கையொப்பமிட்டோம் என்றே அறியாதவர்கள் என்பதால், அதைக் கேட்டுப் பெறலாம் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லவேண்டியிருக்கிறது.