பழைய காரின் வால்வு தேய்ந்துவிட்டால்

யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பழைய கார்கள் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டன. 1990இல் பொருளாதாரத் தடை தொடங்கிய பின், இவை சில துளி பெற்றோலில் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரையும், மூட்டை முடிச்சுகளோடு இடம்பெயர்ந்தவர்களையும் ஏற்றிச் சென்றன. இத்தகைய கார் இழுவை குறைந்து, எரிபொருளை அதிகம் குடிக்கத் தொடங்கினால், "எஞ்சின் முடிந்துவிட்டது" என்று அதை இரும்பு விலைக்கு விற்றுவிடக் கூடாது. பல வேளைகளில் தேய்ந்திருப்பது வால்வு மட்டுமே. அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நின்றால், அதை வீட்டு முற்றத்திலேயே திருத்தலாம்.

வால்வின் வேலை

ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று எரிபொருளையும் காற்றையும் உள்ளே விடும்; மற்றது புகையை வெளியே விடும். காளான் வடிவான இந்த வால்வை மேலேயுள்ள றொக்கர் அழுத்தித் திறக்கிறது. றொக்கர் நமது கிணற்றுத் துலாவைப் போன்றது. ஒரு முனை உயர மறுமுனை தாழும். எஞ்சின் நிமிடத்திற்கு 3000 தடவை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் 1500 தடவை திறந்து மூடும்.

புகை வால்வு கடுஞ்சூடாகும். மூடியிருக்கும் வேளையில் தான் அமரும் வளையத்தினூடாகவே அது தன் சூட்டைப் பெரிதும் இறக்குகிறது. சிறு இடைவெளி இருந்தாலும் நெருப்பு அதனூடாகப் பாய்ந்து வால்வின் விளிம்பை எரித்துவிடும்.

தேய்வதற்குக் காரணங்கள்

மண்ணெண்ணெய் முழுதாக எரியாததால் வால்வில் கரி படியும். எஞ்சின் ஒயிலும் நீர்த்துப்போகும். வால்வு இடைவெளியைக் குறைவாக வைத்தால் வால்வு சரியாக மூடாது. இன்னொரு காரணமும் உண்டு. முன்பு பெற்றோலில் கலந்திருந்த ஈயம் வால்வு அமரும் வளையத்தைப் பாதுகாத்தது. 2002இல் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஆகவே பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வளையம் மெதுவாகத் தேய்ந்து, வால்வு உள்ளே தாழ்ந்து, இடைவெளி குறைகிறது. அதனால் இடைவெளியை அடிக்கடி பார்க்க வேண்டும்.

கண்டறிதல்

கியரை நியூட்ரலில் விட்டு, ஹான்ட் பிரேக்கை இழுத்து, சுவிட்சை நிறுத்துங்கள். பிளக்குகளில் மூன்றைக் கழற்றிவிட்டு, முன்புறக் கைபிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் உள்ள சிலிண்டர் நன்றாக எதிர்க்க வேண்டும். நான்கையும் ஒவ்வொன்றாக இப்படிச் சோதியுங்கள். எதிர்ப்புக் குறைந்த சிலிண்டரில் பிளக் துளையினூடாக ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மீண்டும் சுற்றுங்கள். எதிர்ப்புக் கூடினால் தேய்ந்தது பிஸ்டன் வளையம். கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வே குற்றவாளி.

திருத்தும் முறை

1. எஞ்சின் ஆறிய பின் பற்றரி வயரைக் கழற்றி, றேடியேற்றர் தண்ணீரை வடியுங்கள். ஹெட் நட்டுகளை வெளியிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள்.

2. ஓர் அட்டையில் 1 முதல் 8 வரை துளையிட்டு, வால்வுகளை அதே ஒழுங்கில் செருகி வையுங்கள். இடம் மாறக் கூடாது. ஸ்பிறிங்கைக் கழற்றும்போது கண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.

3. கரியைச் சுரண்டுங்கள். விளிம்பு கத்தி போல மெலிந்த வால்வையும், வெடித்த அல்லது வளைந்த வால்வையும் மாற்றுங்கள்.

4. வால்வின் சாய்ந்த விளிம்பில் அரைக்கும் பசையைச் சிறிதளவு பூசி, உறிஞ்சு கட்டை பிடித்த கோலால் இரு உள்ளங்கைகளுக்கிடையே மோர் கடைவது போல முன்னும் பின்னும் உருட்டுங்கள். அடிக்கடி தூக்கி இடம் மாற்றி வையுங்கள். விளிம்பிலும் வளையத்திலும் எங்கும் அறாத சாம்பல் நிற வட்டம் தோன்றினால் போதும்.

5. பசையை மண்ணெண்ணெயால் முழுதாகக் கழுவுங்கள். மீதமிருந்தால் அதுவே எஞ்சினைத் தின்றுவிடும்.

6. வால்வுகளையும் பிளக்குகளையும் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, எரியறையில் மண்ணெண்ணெய் ஊற்றுங்கள். சில நிமிடங்களில் வால்வினூடாகக் கசியாவிட்டால் வேலை சரி.

7. புதிய காஸ்கற் வைத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கிப் படிப்படியாக இறுக்குங்கள்.

மொறிஸ் மைனர் 1000இல், எஞ்சின் குளிர்ந்த நிலையில் வால்வு இடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.30 மில்லிமீற்றர். எண் 9ஐ நினைவில் வையுங்கள்: 8ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஆவதையும், 6 திறந்திருக்கும்போது 3ஆவதையும் சரிசெய்ய வேண்டும். இரண்டின் கூட்டுத்தொகை எப்போதும் 9. சிறிது ஓடிய பின் ஆறவிட்டு, நட்டுகளையும் இடைவெளியையும் மறுபடி பாருங்கள்.

வால்வுத் தண்டு ஆடினாலோ, வளையம் ஆழமாகப் பழுதடைந்திருந்தாலோ கையால் அரைப்பது வீண். கடைசல் பட்டறையில் கடினமான புதிய வளையம் பொருத்தலாம். கூலியை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தோட்டத்திற்கு நீர் இறைக்கும் நான்கு அடி இயந்திரத்தின் வால்வையும் இவ்வாறே அரைக்கலாம். இடைவெளியை மட்டும் அதன் கைநூலில் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்காகக் கைவிடப்பட்டிருந்த இயந்திரத்தையோ, பழைய காரையோ வாங்கப் போகிறவர்கள் பணத்தைக் கொடுக்குமுன் ஒரு தடவை கையால் சுற்றிப் பாருங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டிக்கொடுங்கள். காணியை விட்டு எங்கு போக நேர்ந்தாலும், இந்தக் கைத்தொழில் அவர்களோடு வரும்.