மஞ்சள் நெற்றி, ஊதா முடி... ஆனாலும் அம்மாதான்!

சுட்டிக் கண்ணு, உனக்கு ஒரு கேள்வி. அம்மாவின் போட்டோவைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நெற்றிக்கு மஞ்சள், கன்னத்துக்கு ரோஸ், தலைமுடிக்கு ஊதா பூசிவிடுகிறாய். பார்த்ததும் அம்மா என்று தெரியுமா?

"தெரியுமே!" என்கிறாய். சரி. ஆனால் அம்மா ஒருநாளும் மஞ்சளும் ஊதாவுமாக இருந்ததில்லையே. பிறகு எப்படித் தெரிகிறது?

"அதானே!" என்று இப்போது நீயே புருவத்தைச் சுருக்குகிறாய் பார், அங்கேதான் அறிவியல் தொடங்குகிறது. சபாஷ்!

இந்த விளையாட்டில் பெரிய கில்லாடி ஆண்டி வார்ஹோல் என்ற அமெரிக்க ஓவியர். 1962-இல் மர்லின் மன்றோ என்ற நடிகையின் ஒரே போட்டோவை 50 முறை அச்சடித்து ஒரு படைப்பு செய்தார். பாதி முகங்கள் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில், மீதி கறுப்பு வெள்ளையில். இப்போது அது லண்டனில் டேட் அருங்காட்சியகத்திடம் இருக்கிறது. அவர் கையாண்டது ஸ்கிரீன் பிரிண்டிங். ஆமாம், நம் ஊரில் துணிப்பையில் கடைப் பெயரை அச்சடிக்கிறார்களே, அதே முறைதான்! அடியில் பளிச்சென்ற வண்ணங்கள். மேலே, போட்டோவின் நிழல்கள் மட்டும் கறுப்பு மையில்.

நிழல்கள் மட்டும். இதை மனதில் வைத்துக்கொள்.

வார்ஹோல் கம்ப்யூட்டரையும் விடவில்லை. 1985 ஜூலையில் நியூயார்க்கில் அமிகா என்ற புதுக் கம்ப்யூட்டரை அறிமுகம் செய்தார்கள். அந்த மேடையிலேயே பாடகி டெபி ஹாரியின் முகத்தைக் கேமராவில் பிடித்து, மவுஸால் வண்ணம் நிரப்பிக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 56. அவர் அமிகாவில் வரைந்த வேறு சில படங்கள் பழைய ஃபிளாப்பி டிஸ்க்குகளில் கிடந்தன. 2014-இல்தான் அவற்றை மீட்டதாக அறிவித்தார்கள். ஒரு படத்தில் வீனஸ் தேவதைக்கு மூன்று கண்! காப்பி, பேஸ்ட் கிடைத்ததும் அவரும் உன்னைப் போலத்தான் விளையாடியிருக்கிறார்.

சரி, நாமும் செய்வோமா? முதலில் போட்டோ. ஆளை ஜன்னலோரம் நிறுத்து. வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். அது மூக்கோரம், தாடையடி நிழல்களை அழித்துவிடும். நிழல் போனால் நம் வேலை கெட்டது.

அடுத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கு. இப்போது கம்ப்யூட்டருக்கு உள்ளே இருப்பது முகமில்லை, எண்கள்! படத்தின் ஒவ்வொரு குட்டிப் புள்ளிக்கும் ஓர் எண். அந்தப் புள்ளிக்குப் பிக்சல் என்று பெயர். முழுக் கறுப்பு என்றால் 0. முழு வெள்ளை என்றால் 255. நடுவில் இருப்பதெல்லாம் சாம்பல்.

மண்டியில் மாங்காயைப் பெரிது, நடுத்தரம், சிறிது என்று கூடை கூடையாகப் பிரிப்பார்களே, அப்படி இந்த எண்களையும் மூன்று கூடையில் போடு. 0 முதல் 80 வரை ஒன்று. 81 முதல் 160 வரை ஒன்று. மற்றவை மூன்றாவது. கிம்ப் போன்ற இலவச மென்பொருளில் 'போஸ்டரைஸ்' என்ற கட்டளை கிட்டத்தட்ட இதைத்தான் செய்கிறது. பிறகு கூடைக்கு ஒரு வண்ணம் கொடு. அவ்வளவுதான்.

புரிந்ததா? கம்ப்யூட்டருக்கு மூக்கும் தெரியாது, கன்னமும் தெரியாது. எண்ணைப் பார்த்துப் பிரிக்கிறது, பிரித்ததற்கு வண்ணம் பூசுகிறது.

ஆனால் எந்தக் கூடைக்கு எந்த வண்ணம்? இங்கேதான் சூட்சுமம். நிழலுக்கு ஊதா, நடுவுக்கு ரோஸ், வெளிச்சத்துக்கு மஞ்சள் என்று வைத்துப் பார். முகம் சட்டென்று எழுந்து நிற்கும். ஏனென்றால் ஊதா நம் கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் நிறம். மஞ்சள் வெளிச்சமாகத் தெரியும் நிறம். நிறம் மாறினாலும் எது இருட்டு, எது வெளிச்சம் என்ற வரிசை மாறவில்லை. முகத்தை அடையாளம் காண மூளை அந்த வரிசையைத்தான் பெரிதும் நம்புகிறது. தோலின் நிறம் தப்பாக இருந்தால்கூடப் பெரிதாகக் கண்டுகொள்ளாது.

நான் சொன்னதற்காக நம்பிவிடாதே. நீயே சோதித்துப் பார். இப்போது வரிசையைத் தலைகீழாக்கு. நிழலுக்கு மஞ்சள், வெளிச்சத்துக்கு ஊதா. அதே படம், அதே மூன்று வண்ணம். கோடு ஒன்றுகூட நகரவில்லை. ஆனால் கருவிழி வெளுத்துவிடும், மூக்கடி நிழல் பளபளக்கும், யாரென்று சொல்லவே திணறுவாய். பழைய ஃபிலிம் நெகட்டிவ் வீட்டில் இருந்தால் எடுத்துப் பார், அதிலும் இதே தவிப்புதான். வார்ஹோலும் பிற்காலத்தில் மர்லின் படத்தை இப்படி இருட்டையும் வெளிச்சத்தையும் இடம் மாற்றி அச்சடித்தார்.

வகுப்பில் ஐந்தாறு நண்பர்களின் படங்களை, அவர்களிடம் கேட்டுக்கொண்டு, இரண்டு விதமாகவும் செய். மற்றவர்களிடம் தலைகீழ்ப் படங்களை முதலில் காட்டி, யாரென்று கேள். நேர்ப்படத்தை முன்பே காட்டிவிட்டால் விடை தெரிந்துபோய்ச் சோதனை வீணாகும். கண்ணாடி, ஜடை, தொப்பி போட்டவர்களைச் சேர்க்காதே. அவற்றை வைத்தே பெயரைச் சொல்லிவிடுவார்கள், திருட்டுப் பசங்க!