கிணற்று வடமும் எஃகின் களைப்பும்

செஞ்சி வட்டாரம் கல் நிலம். மூன்று குன்றுகளின்மேல் கோட்டை எழ இடந்தந்த பாறை, நம் கழனிகளின் அடியிலும் கிடக்கின்றது. ஆதலின் கிணற்றை ஆழப்படுத்த முற்படும் அங்கத்தினர்கள் கிரேனை நாடுகின்றனர். கல் நிரம்பிய தொட்டியும், சில வேளைகளில் ஆட்களும், ஒரே கம்பி வடத்தை நம்பி இறங்குகின்றனர். அவ்வடம் அறுவது எவ்வாறு என்பதை இங்கு விளக்க விரும்புகின்றோம்.

எஃகு பன்முறை வளைந்து நிமிர்ந்தால், ஒரு முறை எளிதாகத் தாங்கிய பளுவிலேயே நாளடைவில் முறியக்கூடும். இதனை உலோகக் களைப்பு என்பர். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியப் பொறியியலாளர் வோலர், இரயில் வண்டி அச்சுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். வழவழப்பான சாதாரண எஃகுக்கு, உலர்ந்த காற்றில், ஓர் எல்லை உண்டு; அதற்குட்பட்ட மாறுபளுவை அது எண்ணற்ற முறை தாங்கும். ஆனால் மேற்பரப்பில் கீறலோ துருக்குழியோ இருப்பின் விசை அங்கே குவிந்து வெடிப்புத் தொடங்கும். உப்பு ஈரம் படின் அவ்வெல்லையே மறைந்துவிடும்.

வலிமை மிக்க எஃகு இதற்குத் தப்புமோ எனின், தப்பாது. சிறு கீறலும் அதனை அதிகம் பாதிக்கும். வடத்தின் கம்பிகள் அவ்வகை எஃகினாலேயே ஆனவை. 1967 டிசம்பர் 15-இல் அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றின் சில்வர் பாலம் வீழ்ந்து 46 பேர் மாண்டனர். உயர்வலிமை எஃகுச் சட்டம் ஒன்றின் துளையோரம், அரிப்பினால் விளைந்த ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வெடிப்பே காரணம். குஜராத்தின் மோர்பி தொங்குபாலம் 2022 அக்டோபர் 30-இல் அறுந்து 135 பேர் உயிரிழந்தனர். அதன் வடமொன்றின் 49 கம்பிகளுள் 22 துருவேறியிருந்தன. அவை முன்னரே அறுந்திருக்கக்கூடும் என விசாரணைக் குழு கருதியது.

நெசவாளர் இதனை நன்கறிவர். பாவு நூல், அச்சில் உராய்ந்து பிசிறிய இடத்திலேயே அறுகின்றது; அதனைக் காக்கவே கஞ்சியிடுகின்றோம். வடத்திற்குக் கிரீசே கஞ்சி.

ஆகவே அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியவை இவை: கப்பியின்மேல் வளைந்து செல்லும் பகுதியை நாள்தோறும் வேலைக்கு முன் பார்க்க வேண்டும். அறுந்த கம்பிகள், முறுக்கிய மடிப்பு, பருமன் குறைவு, உள்ளிருந்து உதிரும் துருத்தூள் ஆகியவை காணப்படின் வடத்தை மாற்ற வேண்டும். முடிச்சிட்டு மீண்டும் பயன்படுத்தலாகாது. ஈரத்தரையிலோ உர மூட்டைகளின் அருகிலோ வடத்தைச் சுருட்டி வைக்கலாகாது; பொட்டாஷ் உரமும் ஒருவகை உப்பே.

நேற்று தாங்கிய வடம் இன்றும் தாங்கும் என்பது உறுதியன்று. நேற்றைய ஒவ்வொரு வளைவும் அதன் ஆயுளில் ஒரு பங்கைக் குறைத்தே சென்றிருக்கின்றது. கூலி பேசும்போதே வடத்தைக் காட்டும்படி கேட்பது, கிணற்றுக்கு உரியவரின் கடமையாகும்.