நெட் சுத்திக்கிட்டே இருக்கா? கோளாறு வீட்டிலா, வீதியிலா? 10 நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம்!

சென்னை:

"மாசம் பொறந்தா பில் கரெக்டா வந்துடுது. நெட்தான் வர மாட்டேங்குது!"

வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல் இது. சினிமா பாதியில் நின்றால்கூட பரவாயில்லை. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இப்போது பிள்ளைகளின் படிப்பே இந்த வயரில்தான் தொங்குகிறது. தமிழகத்தில் என்ஜினீயரிங் கவுன்சிலிங் 2018-ம் ஆண்டு முதல் ஆன்லைனில்தான் நடக்கிறது. குறிப்பிட்ட நாளுக்குள் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். அரசு வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளிலும் இதே கதைதான். வீட்டில் இருந்தபடி டேட்டா என்ட்ரி செய்யும் பெண்களுக்கு நெட் நின்றால் அன்றைய கூலியும் நின்றது.

நெட் ஸ்லோ என்றதும் பலரும் செய்வது 2 காரியம். ஒன்று, 200 ரூபாய் அதிகம் கொடுத்து பெரிய பிளானுக்கு மாறுவது. இன்னொன்று, 2 ஆயிரம் ரூபாய்க்கு புது ரூட்டர் வாங்குவது. கோளாறு எங்கே என்று தெரியாமல் செய்தால் இரண்டுமே தண்டச்செலவு! முதலில் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கோளாறு வீட்டுக்குள்ளா, வெளியிலா?

எம்.பி.பி.எஸ். கணக்கு!

பிளானில் "40 எம்.பி.பி.எஸ்." என்று போட்டிருக்கும். ஆனால் படம் டவுன்லோடு ஆகும்போது நொடிக்கு 5 எம்.பி. என்றுதான் காட்டும். "ஏமாத்திட்டாங்க" என்று கொதிக்க வேண்டாம். கம்பெனி சொல்வது பிட் கணக்கு. கம்ப்யூட்டர் காட்டுவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் ஒரு பைட். 40-ஐ 8-ஆல் வகுத்தால் 5. கணக்கு சரி. இந்த ஸ்பீடில் 600 எம்.பி. படம் இறங்க 2 நிமிடம் ஆகும். அதற்கு 10 நிமிடம் எடுத்தால்தான் பிரச்சினை.

இன்னொரு விஷயம். சில பிளான்களில் மாதத்துக்கு இவ்வளவு டேட்டா என்று அளவு இருக்கும். அதை தாண்டினால் ஸ்பீடு அடியோடு விழும். மாதக் கடைசியில் மட்டும் நெட் படுத்துக்கொண்டால் முதலில் இதை கேளுங்கள்.

விளக்கை பாருங்க

பைபர் கனெக்‌ஷன் என்றால் பெட்டியில் "எல்.ஓ.எஸ்." என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ, சிமிட்டினாலோ வெளியில் இருந்து வர வேண்டிய ஒளி பெட்டிக்கு வரவில்லை என்று அர்த்தம். நூறு முறை ஆப் பண்ணி ஆன் பண்ணினாலும் ஒன்றும் நடக்காது. நேராக புகார் கொடுக்க வேண்டியதுதான்.

அதற்கு முன் ஒன்றே ஒன்று. பெட்டியில் சொருகி இருக்கும் மெல்லிய வயரை பாருங்கள். பைபர் என்பது கண்ணாடி இழை. கதவிடுக்கில் நசுங்கினாலோ, ஆணியில் மடித்து கட்டினாலோ, பீரோவை தள்ளும்போது வளைந்தாலோ ஒளி வழியிலேயே கசிந்துவிடும். வளைவை நிமிர்த்தினால் சில நேரம் விளக்கு பச்சைக்கு திரும்பும். ஆனால் வயரை கழற்றி அதன் முனையை கண்ணுக்கு நேராக வைத்து பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்கு தெரியாத லேசர். பார்வையை பாதிக்கும்.

எல்லா விளக்கும் அணைந்து அணைந்து எரிகிறதா? கரண்ட் கொடுக்கும் அடாப்டர் பழசாகி இருக்கலாம். அதே வோல்ட், அதே ஆம்பியர் உள்ள அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வேறு பொருளின் அடாப்டரை சொருகினால் பெட்டியே போய்விடும்!

10 நிமிட சோதனை

விளக்கு எல்லாம் சரி, ஆனால் நெட் மட்டும் ஸ்லோ. அப்போது செய்ய வேண்டிய சோதனை இது.

வீட்டில் உள்ள டி.வி., மற்ற போன்கள், கண்காணிப்பு கேமரா எல்லாவற்றையும் நெட்டில் இருந்து துண்டியுங்கள். ஒரு லேப்டாப்பை லேன் வயர் மூலம் ரூட்டரில் நேரடியாக சொருகுங்கள். பாஸ்ட் டாட் காம் போன்ற தளத்தில் ஸ்பீடு பாருங்கள். லேப்டாப் இல்லையா? போனை எடுத்துக்கொண்டு ரூட்டருக்கு 5 அடி தூரத்தில் நின்று, 5 ஜிகாஹெர்ட்ஸ் வை-பையில் சேர்ந்து பாருங்கள். பிறகு வழக்கமாக உட்காரும் இடத்துக்கு போய் மீண்டும் பாருங்கள்.

பக்கத்தில் முழு ஸ்பீடு, அறைக்குள் போனால் பாதிக்கும் கீழ் என்றால் கோளாறு வீட்டுக்குள். பக்கத்திலேயே பாதிதான் வருகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் வெளியில். அவ்வளவுதான் விஷயம்!

பழைய போனில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் உள்ள போனில் 100 எம்.பி.பி.எஸ். பிளானும் பெரும்பாலும் 30, 40-க்கு மேல் காட்டாது. லேன் வயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. உள்ளே இருக்கும் 4 ஜோடி கம்பியில் ஒன்று அறுந்தாலும் ஸ்பீடு 100-க்குள் முடங்கிவிடும். 200, 300 பிளான் வைத்திருப்பவர்கள் கவனிக்க.

வீட்டுக்குள் என்றால்...

ரூட்டரை பிரிட்ஜ் மேலோ, ஸ்டீல் பீரோவுக்கு பின்னாலோ, டி.வி. ஸ்டாண்டுக்கு உள்ளேயோ வைத்தால் சிக்னல் அடிபடும். இரும்பும், கண்ணாடியும், மீன் தொட்டித் தண்ணீரும் சிக்னலுக்கு எதிரி. வீட்டின் நடுவில், தலைக்கு மேல் உயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். பைசா செலவில்லாத வைத்தியம்!

2.4 ஜிகாஹெர்ட்ஸ் வை-பை சுவரை தாண்டி தூரம் போகும். ஸ்பீடு கம்மி. 5 ஜிகாஹெர்ட்ஸ் வேகம் அதிகம். ஆனால் சுவர் என்றால் சுருண்டுவிடும். ரூட்டர் இருக்கும் அறையில் 5, அடுத்த அறையில் 2.4 என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஹவுசிங் போர்டு குடியிருப்பு, லைன் வீடுகளில் போனை திறந்தால் 15, 20 வீட்டு வை-பை வரிசை கட்டி நிற்கும். எல்லாம் ஒரே பாதையில் முட்டிக்கொள்ளும். 2.4 ஜிகாஹெர்ட்சில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். ரூட்டரின் செட்டிங் பக்கத்துக்கு போகும் வழி, அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். கூட்டம் இல்லாத சேனலுக்கு மாற்றிவிடலாம்.

அதே பக்கத்தில் எத்தனை போன் சேர்ந்திருக்கிறது என்றும் தெரியும். பக்கத்து வீட்டு தம்பிக்கு ஒரு அவசரத்துக்கு கொடுத்த பாஸ்வேர்டு, தெரு முழுக்க சுற்றி வந்திருக்கும். பாஸ்வேர்டை மாற்றினால் ஸ்பீடு தானாக திரும்பும்.

ராத்திரி மட்டும் படுத்துக்குதா?

காலை 6 மணி, மதியம் 2 மணி, இரவு 9 மணி. இந்த 3 நேரமும் 3 நாள் ஸ்பீடு பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். காலையில் முழு ஸ்பீடு, இரவில் கால்வாசி என்றால் அது லைனில் கூட்டம். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் வகை பைபரில் ஒரு இழையில் சுமார் 2,500 எம்.பி.பி.எஸ். வரும். அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கு போடுகின்றன. அந்த தெருவுக்கே வரும் மெயின் லைன் சின்னதாக இருந்தால் நெருக்கடி இன்னும் அதிகம். இரவில் எல்லோரும் படம் பார்த்தால் எல்லோருக்கும் இழுக்கும். இதற்கு புது ரூட்டர் வாங்கி பிரயோஜனம் இல்லை. பெரிய பிளானும் பெரிதாக உதவாது.

மழை பெய்தால் நின்றுபோகிறதா? கண்ணாடி இழைக்கு மழை ஒன்றும் செய்யாது. ஆனால் கம்பத்திலும், மாடியிலும் தொங்கும் இணைப்பு பெட்டிக்குள் தண்ணீர் இறங்கும். காற்றில் வயர் இழுபடும். அணிலும் எலியும் கடிக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் மரங்களை சாய்த்தபோது கேபிள்களும் சேர்ந்தே அறுந்தன. பழைய செம்புக் கம்பி லைன் வைத்திருப்பவர்கள் போனை காதில் வைத்து கேளுங்கள். கரகர சத்தம் வந்தால் கம்பியில் ஈரம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

லைன்மேன் வந்தால் "அண்ணே, பவர் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். அவர் கையில் உள்ள மீட்டரில் மைனஸ் 15 முதல் மைனஸ் 25 வரை இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 27-ஐ தாண்டினால் லைன் விட்டுவிட்டுத்தான் வரும். "எல்லாம் ஓ.கே. அக்கா" என்று சொல்லி அவர் கிளம்பும் முன் அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புகார் நம்பர் முக்கியம்!

கேபிள்காரரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. பில்லில் எந்த கம்பெனி பெயர் இருக்கிறதோ அங்கே புகார் செய்து நம்பர் வாங்க வேண்டும். பில்லே இல்லாமல் ரொக்கம் கொடுப்பவர்களுக்கு கையில் ஆதாரம் இல்லாமல் போய்விடும். உஷார்!

2024 அக்டோபர் 1-ந்தேதி நடைமுறைக்கு வந்த டிராய் விதிகளின்படி, வயர் மூலம் வரும் பிராட்பேண்டில் பழுதை 3 நாளுக்குள் சரி செய்யாவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தர வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும். புகார் தேதியும், நம்பரும் இருந்தால்தான் கேட்கவே முடியும்.

புகாருக்கு பலன் இல்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் முறையிடலாம். 39 நாளுக்குள் அங்கு முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பேசலாம். தொலைத்தொடர்பு கம்பெனிகள் மீது நுகர்வோர் கோர்ட்டுக்கு போக முடியும் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பு சொல்லிவிட்டது.

கஸ்டமர் கேரில் "சார், பெரிய பிளானுக்கு மாறிக்குங்க" என்று சொன்னால் உடனே தலையாட்ட வேண்டாம். "இப்ப இருக்கிற பிளான் ஸ்பீடை முதல்ல குடுங்க. லேன் வயர்ல சோதிச்ச ஸ்கிரீன்ஷாட் இருக்கு" என்று சொல்லிப்பாருங்கள். பேச்சே மாறும்!