ஒரே ராத்திரியில் வந்த தப்பு!

1937-ஆம் வருஷம் செப்டம்பர் 30-ஆம் தேதி சாயங்காலம், சேலம் ஜில்லாவில் ஒருவர் கள்ளுக்கடைக்குப் போனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கார் அனுமதி பெற்ற கடை. யாரும் ஒன்றும் கேட்க முடியாது. மறுநாள் அக்டோபர் 1. அதே ஆள், அதே பனை, அதே கள். போலீஸ்காரர் வந்து கையைப் பிடிக்கிறார்! சென்னை மாகாணப் பிரதம மந்திரி ராஜாஜி, மதுவிலக்கை முதன்முதலாகத் தம் சொந்த ஜில்லாவில் அமுல் செய்த நாள் அது. நாமக்கல்லும் திருச்செங்கோடும் அப்போது சேலத்தோடுதான் இருந்தன.

ராத்திரியோடு ராத்திரியாகக் கள்ளில் என்ன மாறிவிட்டது? ஒன்றுமில்லை. அப்படியானால், 'தப்பு' என்பது யாரோ ஒருவர் மனத்தில் நினைத்துக் கையெழுத்துப் போட்டால் வருவதுதானா? தெய்வம் விரும்புவதால் ஒரு காரியம் நல்லதாகிறதா, நல்லதாக இருப்பதால்தான் தெய்வம் விரும்புகிறதா என்று கிரேக்க நாட்டு ஸாக்ரடீஸ் சுமார் 2,400 வருஷங்களுக்கு முன்பே ஒரு கிடுக்கிப்பிடி போட்டதாகச் சொல்வார்கள். அதே கேள்விதான் இது.

சமையலறைக்கு வாருங்கள். படி போய் லிட்டரும் கிலோவும் வந்தன. அளவு மனிதர் வைத்தது, நாளைக்கே மாற்றலாம். ஆனால் பானையில் உள்ள அரிசி நாலு பேருக்குப் போதுமா என்பது எந்தச் சட்டத்தைக் கேட்டு நடக்கிறது?

ராஜாஜி 1925-ல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்தார். மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே அங்கிருந்து 'விமோசனம்' என்ற பத்திரிகை வந்தது. அதில் அவருக்குத் துணை நின்றவர், உங்களுக்கெல்லாம் தெரிந்த கல்கிதான்! கூலிக்காசு கள்ளுக்கடையோடு போய்விட, வீட்டில் குழந்தை பசியோடு தூங்குகிறதே, அந்தப் பசி அக்டோபர் 1-ஆம் தேதியா பிறந்தது? செப்டம்பர் 30-லும் அது பசிதான். யாருக்கும் கெடுதல் செய்யாமல் ஒரு கலயம் குடித்துவிட்டுப் படுத்தவன் விஷயம் வேறு. அவன் குற்றம் சட்டம் செய்த குற்றம் என்பதே என் அபிப்பிராயம். ராஜாஜி இதை ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்!

"மனமே இல்லாவிட்டால் பசி ஏது, பாவம் ஏது?" என்று உங்களில் யாராவது மடக்கலாம். வாஸ்தவம்தான். கல்லை உதைத்தால் பாவமில்லை. நோவதற்கு ஒரு மனம் வேண்டும். ஆனால் அது தப்புத்தான் என்று சம்மதித்துச் சொல்ல இன்னொரு மனம் வேண்டுமா? ஊரே 'ஆம்பிள்ளை அப்படித்தான்' என்கிறது. பெண்டாட்டியும் 'என் தலைவிதி' என்று ஒப்புக்கொண்டுவிடுகிறாள். அதனால் குழந்தையின் வயிறு நிறைந்துவிடுமா, சொல்லுங்கள்!

கள் வருமானம் போனதை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி விற்பனை வரி கொண்டுவந்தார். அதன் வாரிசைத்தான் இன்றும் கடைச் சீட்டில் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். அது கிடக்கட்டும்.

சட்டம் அப்புறம் பலமுறை புரண்டது. யுத்த காலத்தில் நிறுத்தினார்கள். 1948-ல் மாகாணம் முழுவதற்கும் விரித்தார்கள். 1971-ல் அதைத் தளர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், 92 வயது ராஜாஜி முதல் மந்திரி கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அந்த வருஷமே கடைகள் திறந்தன, சேலத்திலும்.